மருமகன் துரத்தியிருந்தால்...?

மாமனார் – மருமகன் சண்டை வழக்கமாக வீட்டோடு நின்றுவிடும். ஆனால் ரோமாபுரியில் ஒரு மாமனாரும் மருமகனும் மோதியபோது நாடே இரண்டாகப் பிளந்தது!

மாமனார், ஜூலியஸ் சீசர். மருமகன், பாம்ப்பி. வேடிக்கை என்னவென்றால், மருமகன் மாமனாரைவிட ஆறு வயது மூத்தவர். சீசரின் ஒரே மகள் ஜூலியாவை அவர் மணந்திருந்தார். அரசியலுக்காக நடந்த கல்யாணம்தான். ஆனாலும் இருவரும் மனம் ஒத்து வாழ்ந்தார்கள். கி.மு. 54-ல் ஜூலியா பிரசவத்தில் இறந்தாள். உறவுக் கயிறு அறுந்தது.

"படையைக் கலைத்துவிடு" என்று செனட் சபை சீசருக்கு உத்தரவு போட்டது. சீசர் கேட்கவில்லை. கி.மு. 49 ஜனவரியில் படையோடு ரூபிகான் ஆற்றைத் தாண்டினார். போர் மூண்டது. செனட் சபையின் தளபதியான பாம்ப்பி, கடல் கடந்து கிரேக்க நாட்டுப் பக்கம் போனார். சீசரும் விடாமல் பின்தொடர்ந்தார்.

வேர் ரொட்டி

இன்றைய அல்பேனியா நாட்டுக் கடற்கரையில் துரஸ் என்று ஒரு துறைமுகம் இருக்கிறது. அன்று அதன் பெயர் டிர்ராக்கியம். கி.மு. 48-ல் அங்கே பாம்ப்பியின் படையைச் சுற்றி சீசர் மைல் கணக்கில் அரண் எழுப்பினார். ஆனால் பாம்ப்பியின் முதுகுப் பக்கம் கடல். கப்பல் கப்பலாகத் தானியம் வந்தது. முற்றுகை போட்டவர்கள்தான் பட்டினி கிடந்தார்கள்! ஏதோ ஒரு வேரைத் தோண்டி, பாலில் பிசைந்து, ரொட்டி சுட்டுத் தின்றார்கள். அந்த ரொட்டியைப் பார்த்த பாம்ப்பி, "நாம் மிருகங்களோடு அல்லவா சண்டை போடுகிறோம்!" என்று திகைத்தாராம். வீரர்கள் கண்ணில் படாமல் அதை மறைக்கச் சொன்னாராம்.

ஜூலை மாதம், சீசரின் ஆட்கள் இருவர் கட்சி மாறினார்கள். அரண் எங்கே பலவீனம் என்பதை பாம்ப்பியிடம் சொல்லிவிட்டார்கள். பாம்ப்பி அங்கேயே தாக்கினார். சீசரின் படை சிதறி ஓடியது. ஓடிய ஒருவனை சீசர் பிடித்து நிறுத்தினார். பயத்தில் அவன் சீசர் மீதே வாளை ஓங்கினான்! மெய்க்காவலன் குறுக்கே பாய்ந்து அவன் கையை வெட்டினான். அன்று 960 வீரர்களும் 32 கொடிகளும் போயின என்று சீசரே எழுதியிருக்கிறார்.

பாம்ப்பி துரத்தினாரா? இல்லை! 'இவர்களாவது, ஓடுவதாவது! இதில் ஏதோ சூது இருக்கிறது' என்று நின்றுவிட்டார். எதிரிக்கு ஜெயிக்கத் தெரிந்திருந்தால் இன்றோடு நம் கதை முடிந்திருக்கும் என்று சீசர் நண்பர்களிடம் சொன்னாராம்.

அடுத்த மாதமே பார்சாலஸ் போர்க்களத்தில் பாம்ப்பி தோற்றார். எகிப்துக்கு ஓடினார். கரை இறங்கும்போதே கொல்லப்பட்டார். மருமகனின் முத்திரை மோதிரத்தைக் கண்டு சீசர் அழுதார்.

துரத்தியிருந்தால்?

சீசர் அங்கேயே செத்திருப்பார், அல்லது பிடிபட்டிருப்பார். குடியரசு பிழைத்திருக்குமா? சந்தேகம்தான். பாம்ப்பியின் கூடாரத்தில் இருந்த பெரிய மனிதர்கள், போர் முடியும் முன்பே சீசரின் தலைமைப் பூசாரிப் பதவி யாருக்கு என்று அடித்துக்கொண்டார்கள். இரண்டு பேருக்குமே ராஜாவாகத்தான் ஆசை என்று சிசரோவே எழுதினார். அவர் பாம்ப்பி கட்சிக்காரர்! மன்னிப்பும் கிடைத்திருக்காது. டிர்ராக்கியத்தில் பிடிபட்ட கைதிகளை பாம்ப்பியின் ஆட்கள் வெட்டிக் கொன்றார்கள். சீசரோ, பார்சாலஸில் எதிர்த்து நின்ற புரூட்டஸை மன்னித்தார். அந்த புரூட்டஸ்தான் கி.மு. 44-ல் அவரைக் குத்தினான்!

எகிப்தில் தம்பியால் விரட்டப்பட்ட கிளியோபாட்ராவை அரியணை ஏற்றியவர் சீசர். அவர் இல்லாவிட்டால் அவள் பெயரை யார் அறிவார்?

நம் வீட்டுக் காலண்டரும் வேறாக இருந்திருக்கும். 365 நாள் கணக்கைப் புகுத்தி, நான்கு ஆண்டுக்கு ஒரு நாள் கூட்டியவர் சீசர். ஜூலை என்பது அவர் பெயர்தான். பழைய பெயர் குவின்டிலிஸ், ஐந்தாம் மாதம் என்று அர்த்தம். டிர்ராக்கியத்தில் அவர் தோற்று ஓடியதும் அதே மாதத்தில்தான்!