பட்டையும் கோணமும்: கோயிற்கட்டடக் கலையில் வடிவப் பெயர்கள்

பெங்களூரின் தென்பகுதியிலுள்ள பொம்மனஹள்ளியைச் சூழ்ந்து பழங்கோயில்கள் சில உள்ளன. ஒருபுறம் பேகூர் நாகேசுவரர் கோயில், ஏறத்தாழ கி.பி. 890ஆம் ஆண்டினதாகக் கருதப்படும் அங்குள்ள கன்னட நடுகல் பெங்களூர்ப் போரைக் குறிப்பிடுகிறது. மறுபுறம் மடிவாளா சோமேசுவரர் கோயில். அதன் சுவரிலுள்ள 1247ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, வேப்பூரைச் (இன்றைய பேகூர்) சேர்ந்த ஒருவர் வெங்களூர்ப் பெரிய ஏரியின் கீழ் அளித்த நிலக்கொடையைக் கூறுகிறது. இரு மொழிகளும் கல்லில் நிற்கும் இத்தகைய இடங்களின் கோயில் விவரங்களைத் தமிழில் தர முற்படும் மொழிபெயர்ப்பாளருக்குக் கொடையும் ஆண்டும் அத்துணை இடர் தருவன அல்ல. தூணின் வடிவமே இடர் தருவது.

கன்னடத்தில் 'அஷ்டகோன' என்றிருப்பதை 'எண்கோணம்' எனப் பெயர்ப்பது எளிது. பாடநூல் வழக்கும் அதுவே. ஆயின் சிற்பியர் வழக்கு 'எண்பட்டை' என்பதாகும். கோணம் என்பது தளவடிவின் மூலைகளை எண்ணும் சொல். பட்டை என்பது உளி உண்டாக்கிய முகங்களை எண்ணும் சொல். சதுரக் கல்லின் நான்கு விளிம்புகளைச் செதுக்கி நீக்க எட்டுப் பட்டையும், அவற்றின் விளிம்புகளை நீக்கப் பதினாறு பட்டையும் கிடைக்கும். பெயரில் தொழிலின் படிமுறை உள்ளது.

மூடிய வடிவத்தில் மூலையும் முகமும் ஒரே எண்ணிக்கையின. ஆதலின் எட்டில் பிழை வெளிப்படுவதில்லை. தாங்குதளத்தின் உறுப்பாகிய குமுதத்தில்தான் அது வெளிப்படும். குமுதம் உருண்டும் அமையும், முப்பட்டையாகவும் அமையும். முப்பட்டைக் குமுதம் சுவரோடு ஒட்டிநிற்பது. வெளியே தெரிவன மூன்று முகங்கள், அவற்றிடையே இரண்டு விளிம்புகள். இதனை 'முக்கோணக் குமுதம்' என எழுதினால், படிப்பவர் ஒரே கூர்விளிம்பு புடைத்து நிற்பதாகவே எண்ணுவார். அது இல்லாத ஓர் உறுப்பு. முப்பட்டைக் குமுதம் பாதபந்தத் தாங்குதளத்தைப் பிரித்தறிய உதவும் அடையாளமாதலின், இப்பிழை சொல்லளவில் நில்லாது தாங்குதளத்தின் வகையையே மயங்கச் செய்யும்.

சதுரம் என்னும் சொல்லும் ஏமாற்றக்கூடியது. 'முச்சதுர இருகட்டுத் தூண்' என்பதில் சதுரம் தூணுடலின் நான்முகப் பகுதியையும், கட்டு இடைப்பட்ட எண்பட்டைப் பகுதியையும் குறிக்கும். முதலாம் மகேந்திரவர்மனின் மண்டகப்பட்டுக் குடைவரையில் சதுரம், கட்டு, சதுரம் என்னும் எளிய அமைப்பைக் காணலாம். கட்டு என்பதனைக் கயிற்றாலோ பட்டத்தாலோ கட்டியதெனக் கொள்வது பொருந்தாது.

இதனினும் பெரிய மயக்கம் 'நாகரம்', 'திராவிடம்', 'வேசரம்' என்பவற்றில் நேர்கிறது. தென்னகச் சிற்ப வழக்கில் இவை முறையே சதுரம், எண்பட்டை, வட்டம் ஆகிய சிகர வடிவங்களைக் குறிக்கும். வடநாட்டுக் கட்டடக்கலை பற்றிய நூல்களில் சிகரம் என்பது கருவறைமேல் எழும் கோபுரம் முழுமையும். தெற்கிலோ விமானத்தின் கழுத்துக்கு மேலுள்ள தலையுறுப்பு மட்டுமே. மாமல்லபுரத்துத் தருமராச ரதத்தின் சிகரம் எண்பட்டை, ஆதலின் திராவிடம். அங்கேயே திரௌபதி ரதத்தின் கூரை சதுரம். அதனை 'நாகரம்' என்று விவரிக்கும் தமிழ்த் தொடரை விளக்கமின்றி ஆங்கிலத்தில் இட்டால், பல்லவர் கடற்கரையில் ஒரிசாக் கோயில் எழுந்துவிடும்! இவ்விடத்து 'சதுரக் கூரை' எனப் பொருளைப் பெயர்ப்பதே தக்கது.

தரைப்படத்தைச் சொல்லுமிடத்து எண்கோணம் என்பதற்குத் தடையில்லை. தூணையும் குமுதத்தையும் சொல்லுமிடத்துப் பட்டையே வேண்டும்.