வீடு உறுப்பினருக்கு, நிலம் யாருக்கு? - புனே வீட்டுவசதிச் சங்கங்களின் நெடும் போராட்டம்

புனே நகரின் தென்பகுதியில் சஹகார்நகர் என்றொரு குடியிருப்பு உண்டு. தமிழில் சொன்னால் கூட்டுறவு நகர். 1961 ஜூலை 12 அன்று பான்ஷெத் அணை உடைந்து, நகரின் பழைய பேட்டைகளை வெள்ளம் வாரிச் சென்றது. வீடிழந்தோரைப் புதிய இடங்களில் குடியமர்த்தக் கூட்டுறவுச் சங்கங்களே கைகொடுத்தன. மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 1962 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்தது. மாநிலக் கூட்டுறவு ஆணையரின் அலுவலகம் இருப்பதும் இந்நகரில்தான்.

தமிழக வாசகர்களுக்கு ஒரு விளக்கம் தேவை. நம் ஊரில் அடுக்குமாடி வீடு வாங்குவோர், பிரிபடாத நிலப் பங்கையும் சேர்த்தே பத்திரம் பதிகின்றனர். மகாராஷ்டிரத்தில் பெரும்பாலும் அவ்வாறில்லை. வீட்டை வாங்கியவர்கள் சங்கம் அமைக்க வேண்டும். கட்டுநர் நிலத்தையும் கட்டடத்தையும் அச்சங்கத்தின் பெயருக்கு எழுதித்தர வேண்டும். 1963-ஆம் ஆண்டின் அடுக்ககச் சட்டத்தின்கீழ், ஒப்பந்தத்தில் வேறு காலவரம்பு இல்லையெனில், சங்கம் பதிவான நான்கு மாதங்களுக்குள் இது முடிய வேண்டும்.

ஆனால் நான்கு மாதம் நாற்பது ஆண்டானாலும் பத்திரம் வராத சங்கங்கள் உண்டு. காரணம் வெளிப்படை. நிலம் தன் பெயரில் உள்ளவரை, நகரம் வளர வளரக் கிடைக்கும் கூடுதல் தளப்பரப்பு உரிமையின் மீது கட்டுநர் கண் வைத்திருக்க முடிகிறது.

இதற்கு மாற்றாக 2008-இல் சட்டம் திருத்தப்பட்டது. கட்டுநர் மறுத்தாலும், மாவட்டத் துணைப் பதிவாளர் அவரை விசாரித்துவிட்டு, ஆறு மாதங்களுக்குள் உரிமைமாற்றத்துக்கு ஆணையிடலாம். 'மானீவ் அபிஹஸ்தாந்தரண்' என்று மராத்தியில் வாய் நிறையச் சொல்கின்றனர். பெயரைப் போலவே நடைமுறையும் நீளம்: விற்பனை ஒப்பந்தங்கள், ஏழு-பன்னிரண்டு நில ஆவணம், மாநகராட்சி ஒப்புதல் பெற்ற வரைபடம் என ஒவ்வொன்றையும் திரட்ட வேண்டும். பகலில் வேலைக்குச் சென்று மாலையில் சங்கக் கணக்கெழுதும் செயலாளரால் எளிதில் ஆகக்கூடியதன்று.

இங்குதான் சேவை முகமைகளின் பங்கு எழுகிறது. மின்தூக்கி, காவல், துப்புரவு, மாதக் கட்டண வசூல் ஆகியவற்றைத் தனியார் நிறுவனங்கள் ஒப்பந்தத்தில் ஏற்று நடத்துகின்றன. சட்ட வழிகாட்டுதலையும் பயிற்சியையும் சங்கங்களின் மாவட்டக் கூட்டமைப்பு அளிக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. முன்னதற்குச் சங்கம் வாடிக்கையாளர். பின்னது சங்கங்களே உறுப்பினராக இருந்து நடத்தும் அமைப்பு. பராமரிப்பை ஒப்படைத்துவிட்ட பல சங்கங்கள், நிலப் பத்திரத்தைப் பற்றிய நினைப்பையும் கூடவே ஒப்படைத்துவிட்டன என்றே தோன்றுகிறது. நிர்வாகக் குழு செயலிழந்தால் அரசு நிர்வாகி ஒருவரை அமர்த்தலாம். அவரிடம் பத்திரத்துக்கான முனைப்பை எதிர்பார்க்க இயலாது.

2021 ஜூலையில் தில்லியில் மத்தியக் கூட்டுறவு அமைச்சகம் உருவாக்கப்பட்டது. அதே மாதம் 20-ஆம் தேதி, 97-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் மாநிலக் கூட்டுறவுச் சங்கங்களுக்குப் பொருந்தாதென உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே இச்சங்கங்களின் கடிவாளம் மாநில அரசிடமே உள்ளது. மகாராஷ்டிர அரசு 2019-இல் வீட்டுவசதிச் சங்கங்களுக்கெனச் சட்டத்தில் தனி அத்தியாயம் சேர்த்தது. 250 உறுப்பினர் வரையுள்ள சங்கங்கள் தங்கள் தேர்தலைத் தாங்களே நடத்தவும் வழி பிறந்தது. 2017 மே முதல் புதிய திட்டங்களுக்கு மனைவணிக ஒழுங்குமுறைச் சட்டத்தின் பாதுகாப்பும் உண்டு. எனினும் அதற்கு முன்னரே கட்டி முடிக்கப்பட்ட கட்டடங்களில் குடியிருப்போர் துணைப் பதிவாளரிடமே செல்ல வேண்டியுள்ளது.

அக்கட்டடங்களில் பல இன்று இடித்துக் கட்டும் வயதை எட்டிவிட்டன. நிலம் சங்கத்தின் பெயரில் இல்லையெனில், புதிய கட்டுநருடன் பேசும்போதும் பழைய கட்டுநரின் கையொப்பம் குறுக்கே நிற்கும். மறுகட்டுமானத்துக்கான 2019 ஜூலை அரசாணைப்படி, உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் கூட்டத்துக்கு வர வேண்டும். மொத்த உறுப்பினர்களில் 51 சதவீதத்தினர் ஒப்ப வேண்டும். ஆண்டுப் பேரவைக்கு இருபது பேர் தேறாத சங்கங்களும் அன்று அந்த எண்ணிக்கையைக் காட்டியாக வேண்டும்.