மாதிரி எடுத்தல்: ஆறு, ஆவணம், அதிகாரம்

தண்ணீர் கெட்டுப்போனது பற்றிப் பேசக் கூடுகிற கூட்டம் எதுவானாலும் கடைசியில் ஒரு கேள்வியில் வந்து நிற்கிறது: 'சாம்பிள் எடுத்தாச்சா?' அதிகாரி கேட்கிறார், வக்கீல் கேட்கிறார், பத்திரிகைக்காரர் கேட்கிறார், நாமும் கேட்கிறோம். கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகமாட்டேங்குது என்று வருடக்கணக்காகச் சொல்லிவரும் ஒரு பெண்ணின் பேச்சு, பாட்டிலில் அடைபட்டு, சீல் வைக்கப்பட்டு, எண்ணாக மாறி வந்த பிறகே 'உண்மை' என்ற தகுதியைப் பெறுகிறது. இந்த மாற்றம் யார் கையால் நிகழ்கிறது, இடையில் எது விடுபட்டுப் போகிறது என்பதை, அந்த வேலையைச் செய்கிறவன் என்ற முறையில் சொல்ல முயல்கிறேன். நான் தனியார் ஆய்வகம் ஒன்றின் களப்பணியாளன். திருச்சியைச் சுற்றித் தண்ணீர் மாதிரி எடுப்பதும், ஆலைகள் நிபந்தனைகளுக்கு இணங்கி நடக்கின்றன என்று காட்டும் அறிக்கைகளுக்கு எண்கள் தருவதும் என் பிழைப்பு. ஆலைகள் தருகிற காசில்தான் என் சம்பளம் வருகிறது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1

மாதிரி எடுப்பது என்பது வெறுமனே தண்ணீர் மொள்வதல்ல. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில், தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை அளக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். 300 மில்லி கண்ணாடிப் பாட்டிலைக் காற்றுக் குமிழ் ஏறாமல் நிரப்பி மூட வேண்டும். அங்கேயே மாங்கனீஸ் சல்பேட்டும் கார அயோடைடும் சேர்க்க வேண்டும். பழுப்பாகப் படிந்தால் ஆக்சிஜன் இருக்கிறது. முழுச் சாக்கடை என்றால் வெள்ளையாகவே நின்றுவிடும். ஆய்வகத்தில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், போகிற வழியிலேயே பாட்டிலுக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்று தீர்த்துவிடும். உலோகங்களுக்கான பாட்டிலில் நைட்ரிக் அமிலம் விட வேண்டும். கிருமிகளுக்கான பாட்டிலை முன்கூட்டியே கிருமிநீக்கம் செய்து எடுத்துப் போய், ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே சேர்க்க வேண்டும். பாட்டிலுக்குள் வந்த கணத்திலிருந்து தண்ணீர் மாறத் தொடங்குகிறது. ஆற்றின் ஒரு கணத்தை அசையாமல் நிறுத்தி வைப்பதுதான் எங்கள் தொழில்நுட்பம் முழுவதும்.

ஒரு நாள் படித்துறையில் தேங்காய், பழம் விற்கிற பாட்டி கேட்டார்: 'ஏன் தம்பி, மாசாமாசம் புடிச்சிட்டுப் போறீங்களே, தண்ணி பாஸா ஃபெயிலா?' 'ரிப்போர்ட் வரணும் பாட்டி' என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் கேள்வி சரியான கேள்வி. பாஸ் மார்க் எவ்வளவு, அதை யார் போட்டது என்பதில்தான் அரசியல் இருக்கிறது.

2

முதலில் சட்டம். 1974ஆம் ஆண்டின் நீர் மாசு தடுப்புச் சட்டம் வந்த பிறகுதான் ஆலைக் கழிவுநீரின் மாதிரி சட்டபூர்வமான சாட்சியம் ஆகிறது. தமிழ்நாட்டில் இதற்கான வாரியம் 1982இல் அமைந்தது. சட்டத்தின் 21ஆம் பிரிவு மாதிரி எடுக்கும் சடங்கை விவரிக்கிறது. வாரிய அதிகாரி ஆலை நிர்வாகிக்கு அந்த இடத்திலேயே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அவர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். இரண்டு பாட்டிலிலும் அடையாளமிட்டு, சீல் வைத்து, இருவரும் கையெழுத்திட வேண்டும். ஒன்று வாரியம் அங்கீகரித்த ஆய்வகத்துக்குப் போகும். நிர்வாகி கேட்டால் மற்றொன்று வேறொரு ஆய்வகத்துக்குப் போகும். இந்த முறை பிசகினால் முடிவு கோர்ட்டில் செல்லாது. தண்ணீர் எவ்வளவு நாறினாலும் செல்லாது.

குற்றம் சாட்டப்படுகிறவருக்கு நியாயம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அடுத்த பிரிவைப் பாருங்கள். ஆய்வு அறிக்கையின் பிரதிகள் யார் யாருக்கு என்று 22ஆம் பிரிவு சொல்கிறது: ஒன்று ஆலைக்கு, ஒன்று வழக்கு வந்தால் கோர்ட்டுக்கு, ஒன்று வாரியத்துக்கு. அந்தத் தண்ணீரைக் குடிக்கிற ஊருக்கு ஒரு பிரதியும் கிடையாது. மாதிரி எடுக்கும்போது பக்கத்தில் நிற்கும் உரிமையும் ஊருக்குத் தரப்படவில்லை. அதாவது, மாசு என்பது அரசுக்கும் ஆலைக்கும் இடையிலான விவகாரமாகக் கட்டமைக்கப்படுகிறது. பாதிக்கப்படுகிறவர் இந்தப் பிரதியில் ஒரு பாத்திரமே அல்ல.

3

அடுத்து எண். நான் அதிகம் அளக்கிற எண் பி.ஓ.டி. தண்ணீரில் உள்ள கரிமக் கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்க எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது என்பதன் அளவு இது. இதன் பிறப்பிடம் இங்கிலாந்து. அங்கே சாக்கடை பற்றி ஆராய 1898இல் அமைக்கப்பட்ட ராயல் கமிஷன் 1912இல் தந்த அறிக்கையில் லிட்டருக்கு 20 மில்லிகிராம் பி.ஓ.டி. என்று ஒரு வரம்பு வைத்தது. அதற்கு ஒரு நிபந்தனையும் இருந்தது: கழிவைப் போல் எட்டு மடங்காவது சுத்தமான ஆற்று நீர் அதில் வந்து கலக்க வேண்டும். சோதனைக்கு ஐந்து நாள் என்று வைத்ததற்கு, அந்த ஊர் ஆறுகளின் தண்ணீர் அதற்குள் கடலுக்குப் போய்விடும் என்பதே காரணம் என்று சொல்லப்படுவதுண்டு. நாம் பிற்பாடு நம் வெப்பத்துக்குத் தக்கபடி 27 டிகிரியில் மூன்று நாள் என்று மாற்றிக்கொண்டோம். ஆனால் ஆறு கழுவிக்கொண்டு போய்விடும் என்ற நம்பிக்கையை மாற்றிக்கொள்ளவில்லை.

எப்படி என்கிறீர்களா? ஆலை ஆற்றில் விடும் கழிவுநீரில் பி.ஓ.டி. 30 வரை இருக்கலாம். மனிதர் குளிக்கத் தகுந்த ஆற்றில் அது 3க்கு மேல் போகக் கூடாது. இரண்டுமே இந்திய அரசின் வரம்புகள். இரண்டுக்கும் நடுவே இருக்கிற பத்து மடங்கை நிரப்ப வேண்டியது காவிரி. மேட்டூர் திறப்பதற்கு மரபான நாள் ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. மற்ற மாதங்களில் திருச்சிப் பாலத்தில் நின்று பாருங்கள்: மணலும், நாணலும், ஓரமாக ஒரு ஓடையும். கலப்பதற்கு ஆறு இல்லாதபோதும் குழாயின் 30 அப்படியேதான் இருக்கிறது. அந்த 30 'பாஸ்'. ஆறு ஃபெயில். யாரும் விதியை மீறவில்லை.

உப்பிலும் இதே கதை. கழிவுநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2100 மில்லிகிராம் வரை அனுமதி. குடிநீருக்கு ஏற்கத்தக்க அளவு 500, வேறு தண்ணீரே இல்லையென்றால் 2000. ஆக, நிபந்தனையை முழுசாக நிறைவேற்றுகிற ஆலை வெளியே விடும் தண்ணீர், கதியற்றவனுக்கு அனுமதித்த எல்லையையும் தாண்டியிருக்கலாம். அது மண்ணில் இறங்கிக் கிணற்றுக்குப் போனால் கலந்து நீர்க்க ஆறும் இல்லை. 'இணக்கம்' என்ற சொல்லுக்கு நாம் மாசின்மை என்று அர்த்தம் எடுத்துக்கொள்கிறோம். அதன் உண்மையான அர்த்தம், அனுமதிக்கப்பட்ட மாசு.

இன்னொன்று. ஆற்றை அளக்கும்போது ஊருக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று எடுத்து ஒப்பிடுவது வழக்கம். திருச்சிக்கு 'மேலே' என்பதே தூய்மையானதல்ல. திருப்பூர்ச் சாயக் கழிவைச் சுமந்த நொய்யலும், கரூரைத் தாண்டி வரும் அமராவதியும் முக்கொம்புக்கு முன்பே காவிரியில் கலந்துவிடுகின்றன. சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட வேண்டிவந்த அளவுக்குப் போன கதை அது. ஏற்கெனவே கெட்டதை ஆதாரமாக வைத்து, 'வித்தியாசம் அதிகமில்லை' என்று அறிக்கை எழுத முடியும்.

4

இனி என் கதை. சில வருடங்களுக்கு முன் ஒரு ஆலையில் மாதிரி எடுக்கப் போயிருந்தேன். குழாயில் வந்த தண்ணீர் கறுப்பாக இருந்தது. சூப்பர்வைசர் சொன்னார்: 'சார், மோட்டார் இப்பதான் போட்டிருக்கோம். ஒரு டீ சாப்பிட்டு வாங்க, செட் ஆயிடும்.' டீ சாப்பிட்டேன். ஒரு மணி நேரம் கழித்துத் தண்ணீர் தெளிந்திருந்தது. எடுத்தேன். எல்லா எண்களும் வரம்புக்குள். பாட்டிலில் நேரத்தைச் சரியாகத்தான் எழுதினேன். அந்த அறிக்கையில் ஒரு பொய்யும் இல்லை. முந்தைய மணியின் கறுப்புத் தண்ணீருக்கு அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் இல்லை, அவ்வளவுதான்.

இதை என் மனச்சாட்சியின் பிரச்சினையாக மட்டும் பார்த்தால் தப்பித்துக்கொள்ளலாம். நேர்மையான ஆள் ஒருத்தன் போனால் சரியாகிவிடும் என்று ஆகிவிடும். ஆகாது. மாதம் ஒரு மாதிரி என்றால் வருடத்துக்கு 12 பாட்டில். வருடத்தில் இருப்பது 8760 மணி நேரம். எந்த மணியில் எடுப்பது என்பதை ஆலையின் கேட் தீர்மானிக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு வாய்க்காலில் வருகிற நாற்றத்தை அறிந்தவர்கள் வாய்க்கால் கரையில் படுத்திருப்பவர்கள். அவர்களுடைய அறிவுக்கு 'தரவு' என்ற பெயர் கிடையாது, 'புகார்' என்றுதான் பெயர்.

5

விஞ்ஞானம் அதிகாரத்தின் மொழி என்று சிறுபத்திரிகைகளில் நிறையப் பேசியிருக்கிறோம். தவறல்ல. ஆனால் அத்தோடு நின்று, எண்ணையே நிராகரித்துவிட்டு, அனுபவமே உண்மை என்று சொல்லிவிட முடியாது. 1986இல் ஜெர்மானியச் சமூகவியலாளர் உல்ரிச் பெக் எழுதியதை இங்கே நினைவுகொள்ளலாம்: நவீன காலத்தின் ஆபத்துகள் பல புலன்களுக்கு எட்டாதவை, அவற்றை அறியப் பாதிக்கப்பட்டவர்களே நிபுணர்களைச் சார்ந்து நிற்க வேண்டியிருக்கிறது. குரோமியம் லிட்டருக்கு 2 மில்லிகிராம் கலந்த தண்ணீர் நாக்குக்கு ஒன்றும் சொல்லாமல் போகலாம். எண் வேண்டும். அது யார் கையில் பிறக்கிறது என்பதே கேள்வி.

தோல் பதனிடும் ஆலைகள் பற்றி உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தந்த தீர்ப்பு இதற்கு நல்ல உதாரணம். வேலூர்க் குடிமக்கள் அமைப்பு தொடுத்த வழக்கு அது. மாசுபடுத்துகிறவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கோட்பாட்டை நாட்டின் சட்டமாக ஏற்ற தீர்ப்பு. வட ஆற்காடு, ஈரோடு, திண்டுக்கல், செங்கல்பட்டுப் பகுதிகளோடு திருச்சி மாவட்டமும் அதில் உண்டு. ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டும் ஆதாரங்களில் ஒன்று, திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு எடுத்த கணக்கு: 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. குழாய் முனையில் நின்று எடுத்த கணக்கல்ல. கிணறு கிணறாகப் போய் எடுத்தது. இடம் மாறியதும் எண்ணும் மாறுகிறது. கடலூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் 2004 வாக்கில் பிளாஸ்டிக் வாளிக்குள் பை வைத்துத் தாங்களே காற்று மாதிரி எடுத்தார்கள். நாற்றம் வந்த நேரத்தில் எடுக்க முடிந்தது என்பதே அதன் பலம். எந்த வாரியத்தின் ஜீப்பும் அந்த நேரத்துக்கு வந்து சேர முடியாது.

6

ஆகவே, களத்தில் நிற்கும் தோழர்களுக்குத் தொழில்காரனாகச் சில விஷயங்கள். முதலாவது, ஒரு நோட்டு. எந்த நாள், எந்த மணி, எந்த இடம், என்ன நிறம், என்ன நாற்றம், ஆற்றில் எவ்வளவு தண்ணீர் என்று ஊரே எழுதி வையுங்கள். பாட்டில் பிற்பாடு வரட்டும். எந்த மணியில் எடுக்கச் சொல்லிக் கேட்பது என்பதை அந்த நோட்டுதான் சொல்லும். இரண்டாவது, எடுத்தால் ஒன்று எடுக்காதீர்கள். கழிவு கலக்கும் இடத்துக்கு மேலே, கீழே, பக்கத்துக் கிணறு மூன்றிலும், வெயில் காலத்தில் ஒரு தடவை, தண்ணீர் ஓடும்போது ஒரு தடவை எடுங்கள். யார் எடுத்தார், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று கையெழுத்தோடு எழுதி வையுங்கள்.

மூன்றாவது, சட்டத்தில் நமக்கும் சில சந்துகள் இருக்கின்றன. ஆலைக்கு வாரியம் தரும் இசைவாணையின் நிபந்தனைகள் பதியப்பட்ட பதிவேட்டை, பாதிக்கப்படும் எவரும் பார்க்கலாம் என்கிறது 25ஆம் பிரிவு. 60 நாள் நோட்டீஸ் கொடுத்துத் தனிநபரும் வழக்குத் தொடரலாம், அப்போது கேட்டால் வாரியம் தன் அறிக்கைகளைத் தர வேண்டும் என்கிறது 49ஆம் பிரிவு. பொதுநலனுக்கு விரோதம் என்று சொல்லி மறுக்கவும் அதிலேயே வழி வைத்திருக்கிறார்கள். 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்திலும் கேட்டுப் பார்க்கலாம். 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த பசுமைத் தீர்ப்பாயம் சாட்சியச் சட்ட விதிகளுக்குக் கட்டுப்பட்டதல்ல. 21ஆம் பிரிவின் சடங்கு இல்லாமல் ஊர் எடுத்த மாதிரியையும் அங்கே பேச வைக்க முடியும்.

இதெல்லாம் போதுமா என்றால் போதாது. 30க்கும் 3க்கும் நடுவில் இருக்கிற பத்து மடங்கை எந்த நோட்டும் நிரப்பாது. ஆற்றில் தண்ணீர் இல்லாத மாதத்துக்குத் தனி வரம்பு கேட்பதும், மாதிரி எடுக்கும் நேரத்தில் ஊர்க்காரர் ஒருவர் நிற்பதும், அறிக்கையின் நான்காவது பிரதி பஞ்சாயத்துக்குப் போவதும் நம் கோரிக்கைகள் ஆக வேண்டும். 'சாம்பிள் எடுத்தாச்சா?' என்ற கேள்வியை இனி அப்படியே கேட்க வேண்டாம். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், யார் பக்கத்தில் நின்றார்கள் என்று சேர்த்துக் கேளுங்கள். என்னிடமும் கேளுங்கள். அன்றைக்கு அந்த ஆலையில் யாராவது ஒருத்தர் கூட நின்றிருந்தால் நான் அந்த டீயைச் சாப்பிட்டிருக்க மாட்டேன்.