"ஏளா, கிளம்பு!" சொல்லாமல் கொள்ளாமல் பெண்டாட்டியைக் கூட்டிப்போக 2 நாள் குஷித் திட்டம்

ஆழ்வார்குறிச்சி:-

ஆழ்வார்குறிச்சிக்கு வருஷம் தவறாமல் ஜோடியாக வந்து, தங்கி, மேளதாளத்தோடு வீதி சுற்றி, ஜாம் ஜாம் என்று ஊர் திரும்பும் தம்பதி ஒன்றே ஒன்றுதான். சிவசைலநாதரும் பரமகல்யாணி அம்பாளும்!

பங்குனி பிறந்தால் சாமியும் அம்பாளும் சிவசைலத்துக் கோவிலை விட்டுக் கிளம்பி ஆழ்வார்குறிச்சிக்கு எழுந்தருளுகிறார்கள். தேரோட்டம் இங்கேதான். அம்பாள் ஆம்பூர்க் கிணற்றில் கிடைத்தவள் என்பது ஊர்ப் பேச்சு. ஆகவே கீழாம்பூர்க்காரர்கள் "எங்க வீட்டுப் பொண்ணுல்லா" என்று உரிமை கொண்டாடுவார்கள். ஆழ்வார்குறிச்சியில் காலேஜ்கூட அம்பாள் பெயரில்தான் இருக்கிறது.

ஊரில் உள்ள மனுஷ ஜோடிகளின் கதையோ வேறு.

கல்யாணம் ஆன புதிதில் மறுவீடு. நாலு வீட்டில் விருந்து. அதோடு சரி. அப்புறம் பெண்டாட்டி வெளியூர் போவது பிரசவத்துக்கு, துஷ்டிக்கு, பிள்ளையைக் காலேஜில் சேர்க்க. குற்றாலம் கூப்பிடு தூரம். போகாமலும் இல்லை. ஆனால் எப்படிப் போகிறார்கள்? வேன் பேசி, சொந்தபந்தம் இருபது பேர், ஸ்டவ், குண்டான், ஒரு சிப்பம் வெங்காயம். ஆண்கள் அருவியில் நின்று கும்மாளம் போடுவார்கள். வெங்காயம் உரிப்பது யார்? வீட்டில் உரித்த அதே பெண்டாட்டிதான்! இதற்குப் பெயர் உல்லாசப் பயணமாம்.

அவள் கையில் கரண்டி இல்லாமல் முழுசாக 2 நாள். அதையும் முன்கூட்டிச் சொல்லாமல் திடீர் என்று. வெளிநாட்டுப் படங்களில் வருகிற இந்தச் சமாச்சாரம் ஆழ்வார்குறிச்சியில் நடக்குமா?

நடக்கும். அதன் விவரம் வருமாறு:-

குட்டு எங்கே உடையும்?

ஒரு சனிக்கிழமை காலை. புருஷன் "ஏளா, கிளம்பு" என்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் முகம் மலர்ந்து ஓடிவருவாள் என்று நினைத்தால் அது சினிமா. வீட்டில் நடப்பது இதுதான்:

"வெளயாடுதியளா? அத்தைக்கு யாரு கஞ்சி வைப்பா? மாட்டை யாரு பிடிச்சுக் கட்டுவா? இன்னைக்குத் தண்ணி வர்ற நாளு!"

இந்த மூன்று கேள்விக்கும் பதில் வைத்துக்கொள்ளாமல் வாயைத் திறக்கக்கூடாது. அத்தையோடு இருக்கத் தங்கச்சியையோ மகளையோ முதல் நாளே வரவழைத்துவிட வேண்டும். பக்கத்து வீட்டில் தண்ணீருக்குச் சொல்லி வைக்க வேண்டும். பாதி வேலை இதுதான். அறை பிடிப்பது, ரெயில் ஏறுவதெல்லாம் மிச்சப் பாதி.

இன்னொரு சிக்கல். லாட்ஜில் அடையாள அட்டை கேட்பார்கள். அவளுடைய ஆதார் கார்டை எடுக்கப் பீரோவைத் திறந்தாலே "எதுக்கு?" என்பாள். ரேஷன் கடை, பாங்கி என்று ஏதாவது சாக்குச் சொல்லி முந்தின வாரமே ஒரு நகல் எடுத்து வைப்பது புத்திசாலித்தனம்.

வீடு பூட்டிக் கிடக்குமானால் போலீஸ் ஸ்டேஷனில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம். வாசலில் 2 நாள் பேப்பர் குவிந்து கிடக்கும் வீட்டைத்தான் திருடன் முதலில் பார்க்கிறான். நகைகளைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை: அருவித் தண்ணீர் விழுகிற வேகத்தில் சங்கிலியின் கொக்கி கழன்றால் அப்புறம் அதைத் தேட முடியாது. தாலிக்கொடியைத் தவிர மற்றதை வீட்டில் அல்லது தங்கச்சியிடம் விட்டுச் செல்வதே நல்லது.

குப் குப் ரெயில் இல்லை

நெல்லையில் இருந்து செங்கோட்டை செல்லும் ரெயில் ஆழ்வார்குறிச்சியில் நிற்கும். 1900-களின் தொடக்கத்தில் போட்ட பாதை. மீட்டர் கேஜ் தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டு, 2012-ல் அகல ரெயில் விட்டார்கள். ஜன்னல் ஓரம் மனைவிக்கு. ராவணசமுத்திரம், கீழக்கடையம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனாகக் கடந்து பாவூர்சத்திரம் வரும். மேற்கே மலை கூடவே வரும். மலை உச்சியில் மேகம் கவிந்திருந்தால் குற்றாலத்தில் தண்ணீர் உண்டு என்பது இந்தப் பக்கத்து ஜோசியம்.

தென்காசியில் இறங்கினால் காசி விசுவநாதர் கோவில். 15-ம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டியது. பழைய கோபுரம் சிதைந்து மொட்டையாகக் கிடந்து, இப்போதுள்ள 9 நிலைக் கோபுரம் 1990-ல்தான் எழுந்தது. கோபுர வாசலில் நின்றால் காற்று ஆளைத் தள்ளும். சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பெண்கள் சிரித்தபடி நடக்கிற இடம் அது. காசு கொடுக்காமல் கிடைக்கிற முதல் வேடிக்கை.

அங்கிருந்து குற்றாலத்துக்கு டவுன் பஸ். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. ஆக புருஷனுக்கு மட்டுமே செலவு! "உன்னைக் காசு செலவு பண்ணி அழைச்சுட்டு வந்தேன்" என்று பின்னால் பீற்றிக்கொள்ள நினைப்பவர் டாக்சி பிடித்துக்கொள்ளலாம்.

ஜோடியாகக் குளிக்க முடியாது!

குற்றாலம் போய் இறங்கியதும் பல புதுமாப்பிள்ளைகளுக்கு ஏமாற்றம் தருவது இதுதான். மெயினருவியில் ஆண்களுக்குத் தனி இடம், பெண்களுக்குத் தனி இடம். கையைப் பிடித்துக்கொண்டு அருவியில் நிற்பது சினிமாவில் மட்டும். எனவே எங்கே சந்திப்பது, மணிபர்சும் செல்போனும் யாரிடம் என்பதை முன்பே பேசிக்கொள்ளுங்கள். ஒருவர் காவல், ஒருவர் குளியல் என்று மாற்றி மாற்றிப் போவதே மேல். சோப்பு, ஷாம்பு, எண்ணெய்க்கு அருவியில் தடை, ஐகோர்ட்டு உத்தரவு.

கூட்டம் பிடிக்காதவர்களை "எங்ககிட்ட சொந்த அருவி இருக்கு" என்று சில தங்கும் விடுதிகள் இழுப்பது உண்டு. இயற்கையாக ஓடும் தண்ணீரை மறித்துத் தனியார் விடுதிகள் செயற்கை அருவி அமைத்த விவகாரம் 2022-ல் ஐகோர்ட்டு மதுரைக் கிளைக்குப் போயிற்று. நடவடிக்கை எடுக்கும்படி கோர்ட்டு உத்தரவிட்டது. ஊருக்குப் பொதுவான தண்ணீரை ஒருத்தர் காம்பவுண்டுக்குள் திருப்புவது கொஞ்சமும் நியாயம் இல்லை. அறை பதிவு செய்யும்போது அந்த அருவி எங்கிருந்து வருகிறது என்று கேட்டு வைப்பது தப்பில்லை.

இனி சொல்லப்போவது முக்கியம்.

2024-ம் ஆண்டு மே மாதம் 17-ந் தேதி. வெள்ளிக்கிழமை. சீசன் இன்னும் தொடங்கவில்லை. கோடை மழையில் அருவிகளில் தண்ணீர் வந்திருந்தது. பழைய குற்றாலத்தில் ஜனங்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். மலைமேல் பெய்த மழை சட்டென்று இறங்கியது. கண்மூடித் திறப்பதற்குள் காட்டாற்று வெள்ளம். ஜனங்கள் அலறி அடித்து ஓடினார்கள். 17 வயது மாணவன் ஒருவனை வெள்ளம் அடித்துச் சென்றது. பிணமாகத்தான் மீட்டார்கள். அதன்பின் சில நாட்கள் எந்த அருவியிலும் குளிக்க விடவில்லை.

அருவிக்கரையில் வெயில் அடிக்கும். மலைக்குள் மழை கொட்டும். கீழே நிற்பவருக்குத் தெரியாது. தண்ணீரின் நிறம் மண் கலந்து மாறினாலோ, செத்தையும் குச்சியும் கூட விழுந்தாலோ, போலீஸ்காரர் விசில் ஊதினாலோ அடுத்த நிமிஷம் படி ஏறிவிட வேண்டும். "இன்னும் ரெண்டு நிமிஷம்" என்று கெஞ்சுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனவர்கள் அங்குள்ள போலீசார். பெண்கள் பக்கம் நிற்கும் மனைவியை இந்தப் பக்கத்தில் இருந்து கூப்பிட்டால் இரைச்சலில் காதில் விழாது. விசில் கேட்டால் இருவரும் தனித்தனியே மேலே ஏறிவிடுவது, சந்திப்பது குறித்த இடத்தில் என்று முதலிலேயே பேசி முடித்துவிட வேண்டும். மனைவியைத் தேடிப் புருஷனும், புருஷனைத் தேடி மனைவியும் வெள்ளத்துக்குள் நிற்கக்கூடாது.

சீசனில் வெள்ளப்பெருக்கு என்றால் குளிக்கத் தடை போடுவார்கள். சனிக்கிழமை காலையில் தடை வந்துவிட்டால் ரகசியத் திட்டம் "அல்வா" ஆகிவிடும் என்று பயப்பட வேண்டாம். அருவியை நம்பி மட்டும் திட்டம் போடாதவருக்கு அங்கே வேறு சரக்கு நிறைய உண்டு.

காட்சிக்குப் பஞ்சம் இல்லை

நடராஜர் ஆடியதாகச் சொல்லும் சபைகள் ஐந்து. சிதம்பரத்தில் பொன், மதுரையில் வெள்ளி, திருவாலங்காட்டில் ரத்தினம், நெல்லையில் தாமிரம். குற்றாலத்தில் சித்திரம். இங்கே சிலை இல்லை. சுவரில் எழுதிய ஓவியத்தில்தான் ஆட்டம். முன்னால் தெப்பக்குளம். அருவிக்கு வருகிற கூட்டத்தில் காலே அரைக்கால்வாசி கூடச் சித்திர சபைக்கு வருவதில்லை. ஆக, ஜோடியாக உட்கார்ந்து பேச இதைவிட அமைதியான இடம் குற்றாலத்தில் கிடையாது.

திரிகூட ராசப்பக் கவிராயர் குறவஞ்சி எழுதியது இந்த ஊரைப் பற்றித்தான். 18-ம் நூற்றாண்டுச் சமாச்சாரம். அதற்காக அவருக்கு நிலம் கிடைத்தது. இடத்துக்குப் பெயர் குறவஞ்சி மேடு. குறத்தி காணாமல் போக, சிங்கன் தேடித் தேடி வந்து கண்டுபிடித்து, "இது என்ன புது நகை? யார் கொடுத்தது?" என்று குடைகிற புருஷன்-பெண்டாட்டிக் காட்சிதான் அதில் ஜனங்களுக்குப் பிடித்த கட்டம்.

சாரல் விழா நடக்கும் சமயத்தில் போனால் யோகம்தான். கலைவாணர் அரங்கத்தில் சாயங்காலம் ஆட்டம், பாட்டு, நாட்டுப்புறக் கலை. படகுப் போட்டி, கோலப் போட்டி, கொழுகொழு குழந்தைப் போட்டி, நாய்க் கண்காட்சி என்று பல கூத்து. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும் டி.ஏ.மதுரமும் திரையிலும் ஜோடி, வீட்டிலும் ஜோடி. அந்தப் பெயர் வைத்த அரங்கத்தில் தம்பதிகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கச்சேரி பார்ப்பது பொருத்தம்தான்.

ராத்திரி சாப்பாடு எங்கே?

இங்கேதான் கஞ்சத்தனம் கூடாது. பிரானூர் பார்டருக்குப் போய்விட வேண்டும். "பார்டர்" என்று ஏன் சொல்கிறார்கள் என்றால், செங்கோட்டை 1956 நவம்பர் 1-ந் தேதி வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்தது. எல்லை இங்கேதான் ஓடியது. எல்லை போய்விட்டது, பெயரும் பரோட்டாவும் நின்றுவிட்டன. சின்னச் சின்னதாக, பிய்த்துப் போட்டால் பூப்போல உதிரும் பரோட்டா. மேலே சால்னா. பக்கத்தில் மிளகு தூக்கலாகப் போட்ட நாட்டுக்கோழி. வாழை இலையில் வைக்கும்போதே வாசனை தூக்கும்.

அங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பெண்டாட்டி பழக்க தோஷத்தில் புருஷன் இலையையே பார்த்துக்கொண்டிருப்பாள். "நீங்க சாப்பிடுங்க" என்பாள். வீட்டில் தினமும் கடைசியாக, ஆறிப்போன மிச்சத்தைச் சாப்பிடுகிறவள் அவள். அன்றைக்கு அவள் இலையில் முதலில் பரிமாறும்படி சர்வரிடம் சொல்ல வேண்டும்.

சைவக்காரர்களுக்குத் தென்காசியில் ஓட்டல்கள் உண்டு. சாப்பாட்டைப் பற்றிப் பேசினால் ரசிகமணி டி.கே.சி.யை விட முடியாது. குற்றாலத்தில் குடியிருந்த அவர் வீட்டுக்கு ராஜாஜியும் கல்கியும் வந்து போனார்கள். கவிதை ஒரு பக்கம், விருந்து ஒரு பக்கம். 1954-ல் அவர் காலமாகும் வரை அந்த வீட்டில் வந்தவர்களுக்கு இரண்டுக்கும் குறை இருந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மலை ரெயில்

மறுநாள் அருவியில் தடை நீடித்தால் செங்கோட்டையில் இருந்து கொல்லம் பக்கம் போகும் ரெயிலில் ஏறிவிடலாம். 1904-ல் போட்ட மலைப்பாதை. 2018-ல் அகலப் பாதையாகத் திறந்தது. ஆரியங்காவு தாண்டினால் குகை, பாலம், காடு. கழுதுருட்டி அருகே 13 வளைவுள்ள பாலம். ஜன்னல் கம்பியில் முகம் வைத்துப் பார்க்கலாம். திரும்புகிற ரெயில் எப்போது என்பதை ஏறும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த மலைக்கு அப்பால்தான் கொச்சி. அங்கே டீக்கடை நடத்திய விஜயன்-மோகனா தம்பதியின் கதை ஊர் உலகம் அறிந்தது. டீ விற்ற காசில் தினமும் ஒரு தொகை எடுத்து வைத்து, போதாததற்குக் கடன் வாங்கி, ஊருக்கு வந்து கடனை அடைத்து, மறுபடியும் கிளம்பி, இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளைப் பார்த்துவிட்டார்கள். கடைசியாக 2021-ல் ரஷ்யா. அடுத்த மாதமே விஜயன் காலமானார்.

ஆழ்வார்குறிச்சிக்காரர் ரஷ்யா போக வேண்டாம். 2 நாள் போதும். திரும்பும்போது குற்றாலம் கடைவீதியில் ரம்புட்டானும் மங்குஸ்தானும் அத்தைக்கு, நேந்திரங்காய் சிப்ஸ் தங்கச்சி பிள்ளைகளுக்கு. இதை வாங்காமல் வீட்டுக்குள் நுழைந்தால் அடுத்த தடவை கஞ்சி வைக்க ஆள் கிடைக்காது.

ஜூனில் இருந்து ஆகஸ்டு வரை சீசன். சாரல் விழாத் தேதியை அறிவித்ததும் நல்ல லாட்ஜுகள் மளமளவென்று நிரம்பிவிடும். சனி, ஞாயிறு அறைக்கு முன்பே சொல்லி வைக்க வேண்டும். இடத்தை ரகசியமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பாவது "கிளம்பு" என்று சொல்லிவிடுங்கள். நல்ல சேலை எது என்று அவள் முடிவு பண்ண வேண்டாமா?