கையேட்டில் இல்லாத பதில்

கேகாலை மாவட்டத்தில் நான் வேலை செய்யும் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் 2013ஆம் ஆண்டு தாய்மாருக்கு ஒரு வகுப்பு நடந்தது. வந்திருந்த உத்தியோகத்தர் எல்லோருக்கும் பிள்ளை வளர்ப்புக் கையேடு ஒன்று கொடுத்தார். "தினமும் அரை மணித்தியாலம் பிள்ளையோடு அமர்ந்து விளையாடுங்கள். பிள்ளை படிக்க அமைதியான ஓர் இடம் ஒதுக்குங்கள்" என்று அதில் இருந்தது.

வகுப்பு முடிந்ததும் ஒரு தாய் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "அக்கா, நாலு மணிக்கு எந்திரிச்சு சமைச்சு வச்சிட்டு பால் வெட்டப் போறேன். பின்னேரம் வெறகு, தண்ணி. எல்லாம் முடிக்கையில புள்ள தூங்கிருது. காம்பரா ஒண்ணுதான், அதுல மாமியாரும் இருக்காங்க. அப்ப நான் நல்ல அம்மா இல்லையா?"

எனக்குப் பதில் வரவில்லை. அந்தக் கேள்வி என் மனதிலும் இருந்தது.

சகோதரிகளே, என் கதையும் உங்களில் பலருடைய கதைதான். நான் பிறந்தது இரத்தினபுரி மாவட்டத் தோட்டமொன்றில். 1981 ஆகஸ்டில் அந்தப் பக்கத்து லயங்கள் தாக்கப்பட்டபோது எனக்கு ஏழு வயது. 1977இல் போனவர்களைப் போல நாங்களும் வன்னிக்குப் போனோம். அங்கேயே வளர்ந்தேன், திருமணம் செய்தேன். 2009இல் யுத்தத்தின் கடைசி மாதங்களில் கணவரைப் பிரிந்தேன். அவரைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. முகாமிலிருந்து வெளியேறி, 2011இல் ஆறு வயது மகனோடு இந்தத் தோட்டத்தில் இருந்த அத்தையிடம் வந்து சேர்ந்தேன்.

மகன் இரவில் பாயை நனைப்பான். எனக்கு உடம்பு அலுப்பு, மனதில் பாரம். விடிந்தால் அடிப்பேன். "அடியால் இந்தப் பழக்கம் நிற்காது, பயந்த பிள்ளைக்கு அது கூடத்தான் செய்யும். வெட்கப்படுத்தாமல் பிள்ளையோடு பேசுங்கள்" என்று கையேடு சொன்னது. ஒரே நாளில் கையை அடக்க முடியவில்லை. ஆனாலும் ஒரு நாள் பக்கத்தில் இருத்திக் கேட்டேன். லயத்துக்குப் பின்னால் இருட்டில் கக்கூசுக்குப் போகப் பயமாக இருக்கிறது என்றான். அவ்வளவு நாளும் நான் அதைக் கேட்டதில்லை. ஒரு டோர்ச் லைட் வாங்கினேன். இரவில் எழுப்பி நானே கூட்டிப்போனேன். சில மாதங்களில் பாய் காய்ந்தது. "கேளுங்கள்" என்ற அந்த ஒரு சொல்லுக்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன். ஆனால் கக்கூஸ் வீட்டுக்கு வெளியே இருட்டில் இருக்கும் என்பது அந்தக் கையேட்டை எழுதியவருக்குத் தெரியவில்லை.

அடுத்தது அப்பாவைப் பற்றிய கேள்வி. அவர் வெளிநாட்டுக்கு உழைக்கப் போயிருக்கிறார் என்று சொல்லி வைத்திருந்தேன். "இறந்தவர் தூரப் போயிருக்கிறார் என்று சொல்ல வேண்டாம். உண்மையைத் தெளிவாகச் சொல்லுங்கள்" என்றது கையேடு. நல்ல புத்திதான். ஆனால் அவர் இறந்துவிட்டார் என்று நான் எப்படிச் சொல்வது? இருக்கிறார் என்றுதான் எப்படிச் சொல்வது?

போலின் பாஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியை, காணாமற்போனவர்களின் குடும்பங்கள் படும் துயரத்தை ஆராய்ந்து அதற்கு 'தெளிவற்ற இழப்பு' என்று பொருள்படும் பெயர் வைத்தார். இப்படிப்பட்ட குடும்பங்களை முடிவு சொல்லும்படி நெருக்கக்கூடாது என்பது அவருடைய கருத்து. இது எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிய வந்தது. அன்று நானாகவே மகனிடம் சொன்னேன்: "அப்பா எங்கே என்று அம்மாவுக்குத் தெரியாது. வெளிநாடு என்று சொன்னது பொய். அம்மா தேடிக்கொண்டிருக்கிறேன்." அவன் அழுதான். பிறகு, "நானும் தேட வரட்டா?" என்று கேட்டான். அன்றிலிருந்து எங்களுக்கிடையில் பொய் இல்லை.

நிபுணர்களின் பேச்சும் காலத்துக்குக் காலம் மாறுகிறது. 1928இல் அமெரிக்க உளவியலாளர் ஜோன் வொட்சன், பிள்ளைகளைக் கட்டியணைத்து முத்தமிட வேண்டாம், காலையில் கைகுலுக்கினால் போதும் என்று எழுதினார். தாயின் அன்பும் நெருக்கமும் இல்லாவிட்டால் பிள்ளையின் மனநலம் கெடும் என்று 1951இல் உலக சுகாதார அமைப்புக்காக எழுதினார் ஜோன் போல்பி. தாய்ப்பால் மட்டும் நான்கு முதல் ஆறு மாதம் வரை என்றிருந்ததை, ஆறு மாதம் என்று 2001இல் திருத்தினார்கள். ஆராய்ந்து பார்த்துத் திருத்துவது நல்லதே. அதனால் கிளினிக்கில் சொல்வதைத் தட்டிவிடாதீர்கள். தடுப்பூசி, நிறை பார்த்தல், தாய்ப்பால், அடிக்காமல் வளர்ப்பது இவையெல்லாம் நம் பிள்ளைகளைக் காப்பவை.

ஆனால் நேரமும் இடமும் இல்லாதது தாயின் குற்றமல்ல. இதைத்தான் அந்தத் தாயிடம் இரண்டு நாள் கழித்துச் சொன்னேன். "தனியாக அரை மணித்தியாலம் வேண்டாம். அடுப்படியில் பிள்ளையைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு வேலை செய். மலையில் பார்த்ததைச் சொல், அவன் சொல்வதைக் கேள். அதுவும் விளையாட்டுத்தான்" என்றேன்.

அதோடு விடவில்லை. பால் வெட்டும் தாய்மார் புறப்படும் நேரத்தில் மடுவம் பூட்டியே கிடக்கும். பிள்ளைகள் அரைத்தூக்கத்தில் பக்கத்துக் காம்பராவில் கிடப்பார்கள். தாய்மார் எல்லோரும் சேர்ந்து தோட்டத்தில் கேட்டோம். மூன்று தடவை போன பிறகு மடுவத்தை முந்தித் திறக்க ஒத்துக்கொண்டார்கள். அதிகாலையில் திறப்பது நான்தான். எந்தக் கையேட்டிலும் இது இல்லை.

மகனுக்கு இப்போது இருபது வயது தாண்டிவிட்டது, கொழும்பில் வேலை செய்கிறான். வீட்டுக்கு வரும்போதெல்லாம் "ஏதாவது தெரிஞ்சுதா அம்மா?" என்று கேட்பான். இல்லை என்பேன். இருவரும் சேர்ந்து தேநீர் குடிப்போம்.