பரணில் ஒரு குதிரை!

''டென்த் வந்தாச்சு... இனிமே இந்த வேலையெல்லாம் வேணாம்!''

நம்ம ஊர்ல எத்தனை சலங்கை, எத்தனை கீபோர்டு, எத்தனை செஸ் போர்டு இந்த ஒரு வரியால பரணுக்குப் போயிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. என் ஹாஸ்டல் ரூம்மேட் எட்டாவது வரைக்கும் நீச்சலில் மெடல் மெடலாக வாங்கியவள். இப்போ அவள் தண்ணீரைப் பார்ப்பது பக்கெட்டில் மட்டும்தான். எதிர் ரூம் பொண்ணு வயலின். என் கதையில் பரணுக்குப் போனது கொஞ்சம் பெரிய அயிட்டம்... குதிரை!

'ஓவர் பில்டப்'னு நீங்க முணுமுணுக்கிறது கேட்குது. நான் எஸ்டேட் ஓனர் பொண்ணெல்லாம் கிடையாது பாஸ். அப்பா ஊட்டியில் வேலை பார்த்த காலத்தில் எங்க பக்கத்து வீட்டில் ஒரு குதிரைக்கார மாமா இருந்தார். ஏரிக்கரையில் டூரிஸ்ட்களை ஏத்திக்கிட்டு ரவுண்டு அடிக்கிற ரெண்டு மட்டக்குதிரைகள்தான் அவர் சொத்து. சாயங்காலம் சவாரி முடிஞ்சதும் சேணத்தைக் கழட்டித் தோளில் போட்டுக்கிட்டு, ''ஏறிக்க பாப்பா''ம்பார். ஏழு வயசில் அப்படித்தான் ஆரம்பிச்சது. காலை வெச்சுக்க அங்கவடி கிடையாது. பிடரி மயிரைப் பிடிச்சுக்கிட்டு மேடு பள்ளம் எல்லாம் ஏறி இறங்கி வீடு வரைக்கும் போகணும். பத்து வயசில் மணி (குதிரை பேருதான்!) என்னைச் சுமந்துக்கிட்டு ஓடவே செய்தான். அப்புறம் அப்பாவுக்குக் கோயம்புத்தூர் டிரான்ஸ்ஃபர். புது ஸ்கூல், டியூஷன், டென்த், ப்ளஸ் டூ, கட் ஆஃப், கவுன்சலிங்... ஒன்பது வருஷம் போயே போச்சு.

2023-ல் சீனாவின் ஹாங்சோ நகரத்தில் நடந்த ஆசிய விளையாட்டில் குதிரையேற்றத்தில் இந்தியாவுக்குத் தங்கம் கிடைச்சது ஞாபகம் இருக்கா? டிரஸ்ஸாஜ் என்ற பிரிவில், அதாவது குதிரையைத் தாளம் தப்பாமல் நடக்க, ஓட, திரும்ப வைக்கும் போட்டியில். 1982 டெல்லிக்கு அப்புறம் 41 வருஷம் கழிச்சு வந்த தங்கம். ஜெயிச்ச நாலு பேரில் ரெண்டு பேர் பெண்கள். அதில் சுதீப்தி ஹஜேலாவுக்கு அப்போ 21 வயசு. அன்னிக்குப் பரணில் ஏதோ உருண்ட மாதிரி இருந்துச்சு. எழுந்து போய்ப் பார்க்க எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் ஆச்சு, அது வேற விஷயம்!

கோவைக்கு வெளியே ஒரு குதிரையேற்றப் பயிற்சிப் பள்ளி இருக்குன்னு தெரிஞ்சு வீட்டில் மெதுவா ஆரம்பிச்சேன். ''விழுந்து கை கால் போச்சுன்னா கேம்பஸ் இன்டர்வியூவுக்கு ஸ்ட்ரெச்சர்லயா போவே?'' - இது அம்மா. அப்பா ரெண்டு நாள் ஒண்ணுமே சொல்லலை. மூணாவது நாள் சாப்பிட்டுக்கிட்டே, ''நல்ல ஹெல்மெட்டா இருக்கான்னு பாத்துக்க'' என்றார். எங்க வீட்டில் இதுக்குப் பேர் சம்மதம்.

திரும்பி வர்றவங்க குதிரையைப் பார்க்கிறதுக்கு முன்னாடி எடை மெஷினைப் பார்க்கணும். குதிரை தன் எடையில் சுமார் 20 சதவிகிதம் வரைதான் சுமக்கலாம், அதுவும் சேணத்தையும் சேர்த்து என்பது குதிரைக்காரர்கள் பொதுவாகப் போடும் கணக்கு. மணி மாதிரி ஒரு மட்டக்குதிரை 250 கிலோன்னு வெச்சுக்குங்க. 50 கிலோ தாங்கும். அதில் சேணமே ஏழெட்டுக் கிலோவைத் தின்னுடும். நான் இப்போ 57! சின்ன வயசில் 'பெரிய பொண்ணானதும் மணியை நானே வாங்கிக்குவேன்'னு மாமாகிட்ட அட்வான்ஸ் எல்லாம் பேசி வெச்சிருந்தேன். இன்னிக்கு மணி அதே தெம்போட என் முன்னாடி வந்து நின்னாலும் நான் அவன் மேல ஏறக் கூடாது. மாமா ஊட்டியை விட்டுப் போயிட்டாராம். மணி என்ன ஆனான்னு சொல்ல ஆள் இல்லை.

பள்ளியில் எனக்குக் கொடுத்தது ரேஸில் ஓடி ஓய்வு பெற்ற ஒரு பெண் குதிரை. உயரம் 15 ஹேண்ட். குதிரை அளவில் ஒரு ஹேண்ட் என்பது 4 அங்குலம். ஆக, 5 அடி. அதுவும் தலை வரைக்கும் இல்லை, கழுத்து முடிஞ்சு முதுகு ஆரம்பிக்கிற மேடு வரைக்கும்தான். மேலே உட்கார்ந்தா நம்ம கண் ஏழடிக்கு மேல போயிடும். மணி மேல இருந்து குதிச்சு இறங்கின எனக்கு, இவள் பக்கத்தில் நின்னப்பவே வயித்துக்குள்ள ஏதோ பண்ணுச்சு.

பயிற்சி கொடுக்கிற சார், ராணுவத்தில் குதிரைகளோடு பல வருஷம் இருந்துட்டு வந்தவர். ''எவ்வளவு கேப்?'' என்றார். ''ஒன்பது வருஷம் சார்.'' ''அப்ப முதல்ல இருந்தும்மா.'' அவ்வளவுதான் பேச்சு! குதிரையை ஒரு நீளக் கயிற்றில் கட்டி, நடுவில் அவர் நின்னுக்கிட்டு, என்னை வட்டமா சுத்த வெச்சார். பக்கத்து மைதானத்தில் எட்டு வயசு வாண்டு ஒண்ணு கயிறே இல்லாம ஜாலியா போயிக்கிட்டு இருந்துச்சு. அதோட முகத்தைப் பார்க்காம இருக்க நான் பட்ட பாடு... விடுங்க.

ஆனா, ஆச்சரியமா சில விஷயங்கள் தானா வந்துச்சு. குதிரைக்குக் கண் தலையின் ரெண்டு பக்கமும் இருக்கிறதால கிட்டத்தட்ட சுத்திலும் தெரியும். நேர் பின்னாலயும், மூக்குக்கு நேர் முன்னாலயும் மட்டும் தெரியாது. அதனால தோள் பக்கமா, பேசிக்கிட்டேதான் கிட்ட போகணும். இதை யாரும் சொல்றதுக்கு முன்னாடியே என் கால் அப்படித்தான் நடந்துச்சு. காது ரெண்டும் பின்னால படிஞ்சா கோபம், முன்னால விறைச்சா எதையோ கவனிக்குதுன்னு கண்ணு தானா படிச்சுச்சு. இடது பக்கமாத்தான் ஏறணும் என்பதும் மறக்கலை. (இடுப்பின் இடது பக்கம் வாள் தொங்கின காலத்துப் பழக்கமாம். வாள் போச்சு, பழக்கம் போகலை!) சைக்கிள் மாதிரிதான் இதுவும். உடம்பு செய்து செய்து பழகின வேலைகளை மூளை தனியா ஓர் இடத்தில் பத்திரமா வெச்சிருக்கும். ஃபிசிக்ஸ் டெரிவேஷனுக்கும் அப்படி ஓர் இடம் இருந்திருக்கலாம்.

தானா வராதது ட்ராட். குதிரையின் நடையில் நாலு தட்டு. ட்ராட் என்கிற சின்ன ஓட்டத்தில் முன்னங்கால் ஒண்ணும், எதிர்ப்பக்கப் பின்னங்கால் ஒண்ணும் ஜோடியா தரையில் விழும். அதனால ரெண்டே தட்டு, டக்-டக், டக்-டக். ஒவ்வொரு தட்டும் நேரா நம்ம முதுகெலும்புக்கு வரும். மெக்கானிக்கல் மக்களுக்கு மட்டும் ஒரு வரி... அது சரியான வைப்ரேஷன் பிராப்ளம். கணுக்கால், முழங்கால், இடுப்பு மூணும்தான் ஷாக் அப்சார்பர். மூணையும் தளர்த்தினா அதிர்ச்சியை அது வாங்கிக்கும். இறுக்கினா நீங்க வெறும் மூட்டை. இதுக்காகத்தான் ஒரு தட்டுக்கு எழுந்து, அடுத்த தட்டுக்கு உட்காரும் முறையைக் கண்டுபிடிச்சாங்க. ஐரோப்பாவில் தபால் வண்டிக் குதிரைகள் மேல மைல் கணக்கில் உட்கார்ந்து போன பசங்க வழியா வந்ததாம் இது. எழுந்து உட்காருறதுக்குத் தொடையின் உள்பக்கத் தசை வேணும். ஒன்பது வருஷம் பெஞ்சில் உட்கார்ந்த எனக்கு அப்படி ஒரு தசை இருக்கிறதே மறுநாள் காலையில்தான் தெரிஞ்சது. ஹாஸ்டல் மாடிப்படியைப் பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்கினேன்.

வலியாவது மூணு நாளில் போயிடுச்சு. பயம்தான் நிஜமான பிரச்னை.

பத்து வயசில் எனக்கு இடுப்பெலும்புன்னு ஒண்ணு உடையும்னே தெரியாது. இருபது வயசில் எல்லாம் தெரியுது. 450 கிலோ, அரை எம்.வி. ஸ்கொயர், ஏழடி உயரம், அடுத்த மாசம் இன்டர்னல்ஸ்... குதிரை ஓர் அடி எடுத்து வைக்கிறதுக்குள்ள மனசு நாலு கணக்குப் போட்டுடுது. பயந்தா உடம்பு என்ன செய்யும்? முழங்காலை இறுக்கும், முன்னால குனியும், மூச்சை நிறுத்தும். குதிரையோட பாஷையில் கால் இறுகினா 'போ'ன்னு அர்த்தம்! ஓர் ஈ உட்கார்ந்தாலே அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்க்கத் தெரிஞ்ச பிராணி அது. நம்ம தொடை இறுகுறது தெரியாம இருக்குமா? வேகம் கூடும். நாம இன்னும் பயந்து இன்னும் இறுக்குவோம். அது இன்னும் வேகமா... ஃபீட்பேக் லூப்! 'நான் பயப்படலையே'ன்னு நடிக்கிறதெல்லாம் இங்கே செல்லாது. வைவாவில் எக்ஸாமினரை ஏமாத்தலாம், குதிரையை முடியாது.

சார் வெச்சிருந்த வைத்தியம் ரொம்ப சிம்பிள். ''எதையாவது சத்தமா சொல்லும்மா. பேசினா மூச்சு விட்டுத்தானே ஆகணும்?'' பாட்டு பாடச் சொன்னார், கூச்சமா இருந்துச்சு. கடைசியில் நான் சொன்னது பதினேழாம் வாய்ப்பாடு! ஓர்பதினேழு பதினேழு, ஈர்பதினேழு முப்பத்தி நாலு... டக்-டக்குக்கு அது கச்சிதமா பொருந்துச்சு. நூத்தி முப்பத்தாறில் எங்கேயோ என் முழங்கால் தானா தளர்ந்துச்சு. குதிரை கழுத்தை நீட்டி மூக்கால் ஒரு பெரிய பெருமூச்சு விட்டாள். அவளுக்கும் ரிலாக்ஸ் ஆயிடுச்சுன்னு அர்த்தமாம்.

'இருபது வயசுல நீ என்ன பெருசா திரும்பி வந்துட்டே?'னு கேட்கிறவங்களுக்காக ரெண்டு பேரைச் சொல்றேன். ஜப்பானின் ஹிரோஷி ஹொகெட்சு, 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸில் குதிரையில் தடை தாண்டியவர். அப்புறம் கம்பெனி, வேலை, பொறுப்புன்னு வாழ்க்கை போயிடுச்சு. ஆனா, சவாரியை முழுசா விடலை. ரிட்டயர் ஆனதும் ஜெர்மனிக்குப் போய்ப் பயிற்சி எடுத்து, 2008 பீஜிங் ஒலிம்பிக்ஸில் இறங்கினார். 44 வருஷ இடைவெளி, வயசு 67! போதாதுன்னு 2012 லண்டனிலும் கலந்துக்கிட்டார், 71 வயசில்.

இன்னொருத்தர் டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல். 1944-ல், வயித்தில் குழந்தையோட இருந்தப்போ போலியோ தாக்குச்சு. மெள்ள மெள்ளத் தேறினார், ஆனா முழங்காலுக்குக் கீழே கடைசி வரைக்கும் செயல் இல்லை. காலால பேசுற விளையாட்டில் காலே இல்லாத மாதிரி! குதிரை மேல ஏத்தி இறக்கவே ஆள் வேணும். 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்ஸில்தான் டிரஸ்ஸாஜில் பெண்களை முதன்முதலா அனுமதிச்சாங்க, அதுவரைக்கும் ராணுவ அதிகாரிகளுக்கு மட்டும்தான். அந்த முதல் தடவையே ஆண்களோடு போட்டி போட்டு வெள்ளி வாங்கினார் லிஸ். நாலு வருஷம் கழிச்சு இன்னொரு வெள்ளி. தொடையின் அழுத்தத்தையும், இடுப்பில் எடையை லேசா மாத்துறதையும் வெச்சே குதிரைக்குச் சேதி சொல்லி இருக்கார். இதைப் படிச்ச அன்னிக்கு என் தொடைவலியைப் பற்றி ரூம்மேட்டிடம் புலம்புறதை நிறுத்தினேன்.

ஆசை வந்துட்டவங்களுக்குக் கொஞ்சம் டெக்னிகல். ஹெல்மெட் என்றால் குதிரையேற்றத்துக்கான ஹெல்மெட், பைக் ஹெல்மெட் ஆகாது. ஷூவில் சின்னதா ஒரு ஹீல் இருக்கணும், இல்லைன்னா பாதம் அங்கவடிக்குள்ள முழுசா போய் மாட்டிக்கும். விழுந்தா குதிரை இழுத்துக்கிட்டே போயிடும், விளையாட்டில்லை. 'வயசான, சாந்தமான குதிரையா கொடுங்க'ன்னு கேட்க வெட்கப்படாதீங்க. காசு? சத்தியமா மலிவு இல்லை. என் ஒரு மாச மெஸ் பில் அப்படியே காலி. கால்நடை மருத்துவம் படிக்கிற மக்கள் கொடுத்து வெச்சவங்க, என்.சி.சி-யில் குதிரைகளுக்குன்னே ரீமவுன்ட் அண்ட் வெட்டரினரி என்று ஒரு பிரிவு இருக்கு. ஒண்ணும் முடியலைன்னா ஆடி மாசம் ஈரோடு பக்கம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவுக்கு பஸ் ஏறுங்க. குதிரைச் சந்தையில் காது நுனி உள்ளே வளைஞ்ச மார்வாரிக் குதிரைகளை வேடிக்கை பார்க்கக் காசே வேணாம். வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு அங்கே குதிரையோட பல்லைப் பார்த்து வயசு சொல்ற பெரியவர்களைப் பார்த்தீங்கன்னா, குதிரை பணக்கார வீட்டுச் சமாசாரம்னு யார் சொன்னாங்கன்னு தோணும்.

ஆறாவது கிளாஸில் கயிற்றைக் கழட்டினார் சார். ட்ராட்டில் ரெண்டு சுத்து. அப்புறம், ''கேன்டர் போலாமா?'' மூணு தட்டு ஓட்டம் அது. தொட்டில் மாதிரி முன்னும் பின்னும் ஆடும். தயாராகிறதுக்குள்ள குதிரை எடுத்துட்டாள். பதினேழாம் வாய்ப்பாடெல்லாம் மறந்தே போச்சு. என்ன விந்தைன்னா, ட்ராட்டில் திணறின நான் இதில் சேணத்தோட ஒட்டிக்கிட்ட மாதிரி உட்கார்ந்திருந்தேன். சேணமே இல்லாம, ஈர ரோட்டில், பிடரியைப் பிடிச்சுக்கிட்டுப் போன சாயங்காலங்கள் எல்லாம் எங்கேயோ இடுப்புக்குள்ளயே இருந்திருக்கு.

சார் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். கிட்ட வந்து என் முகத்தைப் பார்க்காம, நான் உட்கார்ந்திருந்த விதத்தையே பார்த்தார்.

''இப்படி உட்கார யாரு சொல்லிக் குடுத்தாங்க?''

''பக்கத்து வீட்டு மாமா சார். ஊட்டியில ஏரிக்கரையில குதிரை வெச்சிருந்தார்.''

''நல்லா சொல்லிக் குடுத்திருக்கார்'' என்றார். மாமா போன் நம்பர் மட்டும் இருந்திருந்தா அங்கேயே கூப்பிட்டிருப்பேன்.

போன ஞாயித்துக்கிழமை லாயத்தில் நான் குதிரைக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருந்தப்போ ஓர் அம்மா வந்தாங்க. கால்நடை டாக்டர். காலேஜில் என்.சி.சி. குதிரைப் பிரிவில் இருந்தவங்களாம். ''இருபத்தாறு வருஷம் ஆச்சும்மா... ட்ரீட்மென்ட்டுக்குத் தொடுறதோட சரி'' என்றார். பையன் ஓரமா நின்னு செல்போனில் வீடியோ எடுக்கத் தயாராகிக்கிட்டு இருந்தான். டாக்டரம்மா புது ஹெல்மெட்டை மூணு தடவை கழட்டி மாட்டினாங்க. குதிரையின் கழுத்தில் கையை வெச்சுக்கிட்டு, பையனுக்குக் கேட்காத குரலில் என்கிட்ட, ''மேல ஏறினா ரொம்ப உயரமா தெரியுமா?'' என்றார்.

''தெரியும் மேடம்'' என்றேன். ''உங்களுக்கு வாய்ப்பாடு எதுவரைக்கும் ஞாபகம் இருக்கு?''