எம்பும் முன் காலை வலுப்படுத்திக்கொள்ளுங்கள்

புதுச்சேரியில் மூலக்குளம், ரெட்டியார்பாளையம், வில்லியனூர் பக்கம் சாயங்கால வேளையில் வாலிபால் ஆடும் பையன்களுக்குப் பெரும்பாலும் ஒரே ஆசைதான்: "ஜம்ப் ஏறணும்." நியாயமான ஆசை. ஆண்கள் ஆட்டத்தில் வலையின் உயரம் 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24. நின்றபடி கையைத் தூக்கினால் 2.25 மீட்டர் எட்டும் இளைஞர் 60 செ.மீ. எம்பினால், விரல்நுனி 2.85 மீட்டருக்குப் போகும். வலைக்கு மேலே கிடைக்கிற அந்த 42 செ.மீ.தான் ஸ்மாஷுக்கும் பிளாக்குக்குமான இடம். 1986 சியோல் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்ற இந்திய அணியின் ஜிம்மி ஜார்ஜைப் பற்றிப் பேச்செடுத்தால், அவர் எம்பிய உயரம்தான் முதலில் வரும்.

அந்த உயரத்துக்காக நம் பிள்ளைகள் பிடிக்கும் வழிதான் கவலை தருகிறது. காய்ந்த மண் தரையிலும் சிமென்ட்டிலும் தினமும் குதித்துக்கொண்டே இருந்தால் ஜம்ப் வராது, முட்டிவலிதான் வரும்.

வலிமை வேறு, வெடிதிறன் வேறு

கால் எவ்வளவு பாரத்தைத் தள்ளுகிறது என்பது வலிமை. அந்த விசையை எவ்வளவு சீக்கிரம் வெளிப்படுத்துகிறது என்பது வெடிதிறன். தசை தன் முழு விசையை எட்ட 0.3 நொடிக்கு மேல் ஆகும். ஓடிவந்து எம்புகிறவருக்கோ, கால் தரையில் ஊன்றியிருக்கும் சில நூறு மில்லி நொடிகளே அவகாசம். அதனால்தான் ஜிம்மில் பெரிய எடை தூக்குகிற எல்லோரும் உயரமாக எம்பிவிடுவதில்லை. ஆனால் வலிமையே இல்லாத காலில் வேகமாக வெளிப்படுத்த என்ன இருக்கிறது?

எம்புவதற்கு முன் சட்டென்று தாழ்கிறோம் அல்லவா? அப்போது முன்தொடை, பிட்டம், ஆடுசதை ஆகியவற்றின் தசைகளும் தசைநாண்களும் உண்டிவில் ரப்பர் போல இழுபட்டுச் சக்தியைச் சேமிக்கின்றன. தாழ்ந்த நிலையில் கொஞ்சம் தாமதித்தாலும் அந்தச் சக்தி வீணாகிவிடும். 1960-களில் சோவியத் பயிற்சியாளர் யூரி வெர்கோஷான்ஸ்கி, மேடையிலிருந்து இறங்கிய கணமே மேலெழும்பும் பயிற்சியை வகுத்தது இதற்காகத்தான். பிளையோமெட்ரிக் என்று இன்று சொல்லும் முறையின் வேர் அது. ஏற்கெனவே கால் வலுத்தவர்களுக்கான பயிற்சி அது என்பதை மறந்துவிட்டு, பதினான்கு வயதுப் பிள்ளையை உயரமான மேடையிலிருந்து குதிக்க வைப்பது தவறு.

இறங்கும்போதுதான் அடி

50 செ.மீ. எம்பியவர் சுமார் 0.64 நொடி காற்றில் இருந்துவிட்டு, நொடிக்கு 3 மீட்டருக்கும் அதிகமான வேகத்தில் தரையைத் தொடுகிறார். அப்போது உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை காலில் இறங்குகிறது. வீரரின் முன்னால் நின்று முட்டியை மட்டும் கவனியுங்கள். இறங்கும் நேரத்தில் இரண்டு முட்டிகளும் உள்பக்கமாகச் சாய்கின்றனவா? 'தொம்'மென்று சத்தம் கேட்கிறதா? இடுப்பும் முட்டியும் மடங்காமல் விறைப்பாக நிற்கின்றனவா? இதில் ஒன்று இருந்தாலும், உயரத்தைக் கூட்டும் முன் இறங்கும் முறையைத் திருத்த வேண்டும். பெண் பிள்ளைகளிடம் இதைக் கட்டாயம் பாருங்கள். முட்டிக்குள் இருக்கும் முன் சிலுவைத் தசைநார் கிழியும் ஆபத்து அவர்களுக்கு அதிகம்.

நார்வேயின் முன்னணி வீரர்களை ஆராய்ந்து 2005-இல் வெளியான ஆய்வில், வாலிபால் ஆடுபவர்களில் ஏறத்தாழ 45 சதவீதம் பேருக்கு முட்டிச்சில்லின் கீழ்த் தசைநாணில் பாதிப்பு இருந்தது. நல்ல உள்ளரங்கத் தரையில் ஆடுகிறவர்களுக்கே இந்த நிலை.

எங்கிருந்து தொடங்குவது

பஸ்கியில் தொடங்கலாம். குதிகால் தரையை விட்டு எழாமல், மூன்று எண்ணும் நேரம் எடுத்து மெதுவாக இறங்கி, வேகமாக எழ வேண்டும். கூடவே ஒரு காலை முன்வைத்துத் தாழும் பயிற்சி, படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலை உயர்த்தும் பயிற்சி. பின்தொடைக்கும் தனிப் பயிற்சி வேண்டும். நம் ஆட்கள் அதிகம் விட்டுவிடுவது அதைத்தான். ஆறு முதல் எட்டு வாரம் இப்படிச் செய்த பிறகு, வாரத்துக்கு இரண்டு நாள் குதிப்புப் பயிற்சி போதும். இரண்டுக்கும் நடுவே 48 மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும். ஆட்டத்தில் எம்புவதும் அந்தக் கணக்கில் சேரும்.

முன்னேற்றத்தை அளக்க ஒரு சுவரும் சாக்பீஸ் பொடியும் போதும். விரலில் பொடியைத் தடவி நின்றபடி ஒரு கோடு, எம்பி ஒரு கோடு. இரண்டுக்கும் உள்ள தூரத்தை மாதம் ஒருமுறை குறித்து வையுங்கள்.

தசை வளரப் புரதம் வேண்டும். முட்டை, மத்தி மீன், கொண்டைக்கடலைச் சுண்டல், வேர்க்கடலை என்று வீட்டுச் சாப்பாட்டிலேயே அது கிடைக்கும். புதுச்சேரியின் புழுக்கத்தில் தண்ணீரும் மோரும் குறையக் கூடாது. தூக்கத்தைக் குறைத்தால் பயிற்சியின் பலன் பாதியில் நின்றுவிடும்.

வலியோடு ஆடாதீர்கள்

முட்டிச்சில்லுக்குக் கீழே விரலால் அழுத்தினால் வலிக்கிறது, படி இறங்கும்போது குத்துகிறது என்றால் அதுதான் முதல் அறிகுறி. டோர்னமென்ட் முடியட்டும் என்று வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஆடாதீர்கள். குதிப்பதை உடனே குறையுங்கள். இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் எலும்பு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ பாருங்கள். முட்டி வீங்கினாலும், நடக்கும்போது நழுவுவது போல இருந்தாலும் அன்றைக்கே போய்விடுங்கள். மூலக்குளத்திலிருந்து கோரிமேடு ஜிப்மர் மருத்துவமனை தூரமில்லை.